இன்டர்வியூ பேனல் முன்னால் கையை எங்கே வைப்பது?

நெசவுக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) முடித்து 14 மாதம் ஆகிறது. மூன்று கம்பெனியில் கடைசிச் சுற்று வரை போய்விட்டுத் திரும்பினேன். முதல் இரண்டில் ஏன் எடுக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். மூன்றாவது போன மாதம் சென்னையில் நடந்தது. அதற்கு அனுப்பிவைத்த கன்சல்டன்சி அக்கா நல்லவர், விசாரித்துச் சொன்னார்: "டெக்னிக்கல் ஓகே. கான்ஃபிடன்ஸ் இல்லை, முகத்தைப் பார்த்தே பேசவில்லை, பாடி லாங்குவேஜ் ரொம்ப டிஃபென்சிவ்."

அன்றைக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவருக்கு என் அப்பா வயது இருக்கும். நான் போய்க் கை கட்டிக்கொண்டு நின்றேன், உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். அது சக்கரம் வைத்த நாற்காலி. நான் எப்போதும் போல நுனியில் உட்கார, அது பின்னால் நகர, மடியில் இருந்த ஃபைல் சரிய, அதைப் பிடிக்கப் போய்த் துப்பட்டா சக்கரத்தில் மாட்டி... விடுங்கள். அதற்கப்புறம் காலை இறுக்கி ஊன்றிக்கொண்டு, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அரை மணி நேரம் பதில் சொன்னேன். டிஜிட்டல் சர்க்யூட்டில் வரும் செட்டப் டைம், ஹோல்டு டைம் கேட்டார்கள், சொன்னேன். புராஜெக்ட்டைக் கேட்டார்கள், சொன்னேன். எல்லாம் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்து. அதன் லேபிளில் இருந்த ஒவ்வொரு வரியையும் இப்போதும் ஒப்பிப்பேன்.

எனக்குப் புரியாதது இதுதான். பள்ளிக்கூடத்தில் 12 வருஷம், டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து கை கட்டி நின்று பதில் சொல்லித்தான் பழக்கம். கட்டாவிட்டால் "என்ன திமிரா?" என்று கேட்டு முட்டியில் ஸ்கேல் விழும். வீட்டுக்கு வந்த பெரியவர்களை நேருக்கு நேர் பார்த்துப் பேசினால் அம்மா அடுப்படியிலிருந்தே முறைப்பாள். இதெல்லாம் மரியாதை என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது அதே கையைக் கட்டினால் "மனசைத் திறக்க மாட்டேன் என்கிறாள்" என்று அர்த்தமாம்.

யூடியூபில் பார்த்தால் ஒருவர் கையை மேஜை மேல் வை என்கிறார், இன்னொருவர் மேஜை மேல் வைத்தால் அதிகப்பிரசங்கித்தனம், மடியில் வை என்கிறார். ஒருவர் விரல் நுனிகளைக் கோபுரம் மாதிரி சேர்க்கச் சொல்கிறார். கண்ணாடி முன்னால் செய்து பார்த்தேன், குறி சொல்லப் போகிறவள் மாதிரி இருக்கிறது. பாத்ரூமில் போய் இடுப்பில் கை வைத்து இரண்டு நிமிஷம் நின்றால் தைரியம் வரும் என்று ஒருவர். பேச்சில் விஷயம் 7 சதவீதம்தான், மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும் என்று இன்னொருவர். அப்படியென்றால் நான் நாலு வருஷம் படித்தது அந்த 7-க்குத்தானா?

அடுத்த வியாழன் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றின் முதல் சுற்று, வீடியோவில். தேறினால் நேரில் கூப்பிடுவார்கள். நிஜமாகவே இன்டர்வியூ எடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கையை எங்கே வைப்பது, எங்கே பார்ப்பது?

பெருங்குடி அக்கா:

தங்கச்சி, 11 வருஷமாக ஆள் எடுக்கிற வேலையில்தான் இருக்கிறேன், அதனால் அந்த "கான்ஃபிடன்ஸ் இல்லை" எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இன்டர்வியூ முடிந்ததும் பேனல் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். டெக்னிக்கலுக்கு ஒரு கட்டம், கம்யூனிகேஷனுக்கு ஒரு கட்டம், பொத்தாம்பொதுவாக ஆட்டிட்யூட் என்று ஒன்று. இரண்டு பேர் சமமாகத் தேறி ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது என்றால், விட்டவரை ஏன் விட்டோம் என்று ஏதாவது எழுதியாக வேண்டும். அப்போது கை தானாக எழுதுகிற வார்த்தை அது. நானே எழுதியிருக்கிறேன். கோர்ட் தீர்ப்பு மாதிரி அதைத் தூக்கிச் சுமக்காதே.

ஆனால் உன் கதையில் நிஜமாகவே ஒரு கோளாறு இருக்கிறது. அது கை கட்டியது இல்லை, தண்ணீர் பாட்டில். பாட்டிலைப் பார்த்துப் பேசினால் நீ மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறாயா, யோசித்துச் சொல்கிறாயா என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், அவருக்குப் புரிந்ததா, போதும் என்கிறாரா, குறுக்கே ஏதோ கேட்க வாயெடுக்கிறாரா என்று உனக்கும் தெரியாது. துணிக்கடையில் பேரம் பேசும்போது கடைக்காரர் முகத்தை எப்படிப் பார்ப்போம், இன்னும் 50 ரூபாய் இறங்குவாரா மாட்டாரா என்று? அதே பார்வைதான் இங்கேயும் வேண்டும். தைரியத்தைக் காட்டுகிற பார்வை எல்லாம் வேண்டாம்.

அப்பா வயதுக்காரரின் கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் பொட்டு வைக்கிற இடத்தைப் பார். மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. கேட்டவரைப் பார்த்து ஆரம்பி, நடுவில் மற்ற இருவரையும் ஒரு தடவை பார், கேட்டவரிடமே முடி. யோசிக்கும்போது கண் மேலேயோ ஓரமாகவோ போகும், போகட்டும், எல்லாருக்கும் போகும். "ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்கிறேன்" என்று வாயால் சொல்லிவிட்டு யோசித்தால் போதும், சொல்லாமல் உறைந்துபோய் உட்காருவதுதான் எங்களைச் சங்கடப்படுத்தும்.

கை? ஃபைலை நாற்காலிக் கால் ஓரமாகத் தரையில் வைத்துவிடு. மடியில் இருந்தால் இரண்டு கையும் அதற்குக் காவல் நிற்கும். வேலை இல்லாத கை தானாகவே பேச ஆரம்பிக்கும், மேஜை மேலா மடியிலா என்று யாரும் பார்ப்பதில்லை. பேனா மட்டும் கையில் வேண்டாம். ஒரு பையன் என் முன்னால் உட்கார்ந்து பேனாவை டிக் டிக் என்று அமுக்கி, கழற்றி, ஸ்பிரிங்கைத் தெறிக்கவிட்டு, அப்புறம் நானும் அவனும் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினோம். (அவனை எடுத்தோம். இப்போது டீம் லீட்.)

கை கட்டி நிற்பதைப் பற்றி: பேனலில் திருநெல்வேலிக்காரர் இருந்தால் நல்ல வளர்ப்பு என்பார், புனேக்காரர் இருந்தால் பாவம் குளிருகிறது போல என்று ஏசியைக் குறைக்கச் சொல்வார். யார் இருப்பார்கள் என்று தெரியாத இடத்தில் கையைத் தொங்கவிட்டுக்கொள். அவர்கள் கை நீட்டினால் குலுக்கு, பிடிக்காவிட்டால் கும்பிடு, இரண்டும் எங்களுக்குச் சகஜம்.

புள்ளியியல் வாத்தியார்:

அந்த 93 சதவீதக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு ரத்தக் கொதிப்பே வந்துவிட்டது, அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். 1967-இல் கலிஃபோர்னியாவில் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த இரண்டு சிறிய சோதனைகள். சொல் ஒன்று சொல்ல, குரலோ முகமோ வேறொன்று சொன்னால், பேசுகிறவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று எதை வைத்து முடிவுகட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. ஒற்றை ஒற்றைச் சொற்களைப் பல தொனியில் பதிவுசெய்து கேட்க வைத்தார்கள். இரண்டு சோதனையின் முடிவையும் ஒட்டுப்போட்டு வந்ததுதான் சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்ற கணக்கு. பிடிக்கும், பிடிக்காது என்கிற உணர்ச்சிப் பேச்சைத் தாண்டி இந்தக் கணக்கை எடுத்துப்போகாதீர்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். எடுத்துப்போனால், செட்டப் டைம் என்றால் என்ன என்று கேட்டதற்கு நீங்கள் பேசாமல் அழகாகச் சிரித்திருந்தாலே 55 மார்க் வந்திருக்க வேண்டும் அம்மா.

பாத்ரூம் சமாச்சாரம்: 2010-இல் 42 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி. உடம்பை விரித்து நின்றால் ஆதிக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் ஏறும், மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் இறங்கும் என்றது. அதை எழுதியவர்களில் ஒருவரான ஏமி கடி 2012-இல் டெட் என்ற சொற்பொழிவு மேடையில் பேசினார், அன்றிலிருந்து ஊர் உலகமெல்லாம் கழிப்பறையில் இடுப்பில் கை வைத்து நிற்கிறது. 2015-இல் வேறொரு குழு 200 பேரை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோன் அசையவே இல்லை, தெம்பாக இருந்ததாக மட்டும் சொன்னார்கள். 2016-இல் அந்த 2010 கட்டுரையின் முதல் ஆசிரியர் டேனா கார்னியே, இந்த விளைவு உண்மை என்று நான் நம்பவில்லை என்று பகிரங்கமாக அறிவித்துவிட்டார். நிற்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, வெளியே வரிசை நிற்காத வரைக்கும்.

"மூக்கைத் தொட்டான், பொய் சொல்கிறான்" என்கிற வகையறாவும் இதே கேஸ்தான். ஒருவர் பேசுவதைப் பார்த்து அவர் பொய் சொல்கிறாரா என்று மனிதர்கள் கண்டுபிடித்த ஆய்வுகளை எல்லாம் 2006-இல் பாண்ட், டிபோலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரி 54 சதவீதம். பூவா தலையா போட்டாலே 50 வரும்.

ஒழுங்கான கம்பெனி என்றால் எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, ஒவ்வொரு பதிலுக்கும் தனி மார்க் என்று வைத்திருக்கும். அரட்டை மாதிரி நடத்துகிற இன்டர்வியூவைவிட அதுதான் வேலைக்கு ஏற்ற ஆளைச் சரியாகக் காட்டுகிறது என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பேனல் பாட்டிலைப் பார்த்ததற்காக ஆளை விட்டது என்றால் நஷ்டம் அவர்களுக்குத்தான். நீங்கள் பதிலைத் தயார் செய்யுங்கள், கை எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும்.

பெருங்குடி அக்கா:

வாத்தியாரே, நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் பேனலில் உட்காருகிறவர் உங்கள் கட்டுரையையா படித்துவிட்டு வருகிறார்? தங்கச்சி பார்த்த அதே யூடியூப் வீடியோவைத்தான் அவரும் பார்த்துவிட்டு வருகிறார். கை கட்டினால் டிஃபென்சிவ் என்று அவர் தலையில் ஏறிவிட்டது. அது தப்பு என்று நிரூபிக்கிற இடம் இன்டர்வியூ அறை இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு வேண்டுமானால் கை கட்டிக்கொண்டே மீட்டிங்கில் உட்காரட்டும்.

மாறுகண்ணன்:

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. எனக்குப் பிறவியிலிருந்தே மாறுகண். நான் உங்களை நேராகப் பார்த்தால் இடது கண் ஜன்னலில் இருக்கும். முதல் நாலைந்து இன்டர்வியூவில் எதிரில் இருந்தவர் பேசிக்கொண்டே லேசாகத் திரும்பித் தன் தோளுக்குப் பின்னால் பார்ப்பார், யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்து. அதைப் பார்த்ததும் நான் குனிந்துவிடுவேன். குனிந்தால் "கண் பார்த்துப் பேசவில்லை". பார்த்தாலும் குற்றம், பார்க்காவிட்டாலும் குற்றம்.

ஒரு நாள் வெறுத்துப்போய் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன்: "சார், எனக்கு மாறுகண். ஜன்னலைப் பார்க்கிற மாதிரி இருக்கும், உங்களைத்தான் பார்க்கிறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், அவரும் சிரித்துவிட்டார். ஐந்து விநாடி வேலை. அதற்குப் பிறகு அவர் என் கண்ணை விட்டுவிட்டு நான் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தார். இப்போது வரைக்கும் எங்கே போனாலும் அதே வசனம்தான்.

உங்களுக்கும் அதையே சொல்வேன். துப்பட்டா சக்கரத்தில் மாட்டினபோது "ஒரு நிமிஷம் சார், நாற்காலி என்னை விட மாட்டேன் என்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த அரை மணி நேரமும் வேறு மாதிரி போயிருக்கும். பதற்றமாக இருந்தால் "கொஞ்சம் படபடப்பாக இருக்கிறது" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். இரண்டாவது தடவை சொன்னால் அது புலம்பல்.

பூட்டுக்காரன் மகன்:

நான் திண்டுக்கல், அரசு வங்கியில் பிஓ, அதாவது அதிகாரி. பேங்க் இன்டர்வியூ வேறு உலகம் என்பதால் அந்தப் பக்கம் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் தேர்வில் இன்டர்வியூவுக்கு 100 மார்க், பொதுப்பிரிவுக்கு 40 எடுத்தால்தான் தேர்ச்சி, கடைசித் தரவரிசையில் மெயின்ஸ் எழுத்துத் தேர்வுக்கு 80 பங்கு, இன்டர்வியூவுக்கு 20 பங்கு. யுபிஎஸ்சி சிவில் சர்வீஸில் மொத்தம் 2025 மார்க்கில் இன்டர்வியூவுக்கு 275. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி முதல் இன்டர்வியூவே கிடையாது, அங்கே கை எங்கே வைப்பது என்ற கவலையே வேண்டாம்.

இந்த மாதிரி பேனலில் உட்காரச் சொல்லும் வரை நிற்பது, எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைப்பது, "சார்", "மேடம்", இதெல்லாம் யாருக்கும் உறுத்தாது, பேனலே அப்படிப் பழகியவர்கள்தான். என் பேனலில் ஐந்து பேர். முதல் பத்து நிமிஷம் ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ ரேட், வாராக்கடனான என்பிஏ என்று கேட்டபோது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். ஆமாம், நிஜமாகவே கை மேல் உட்கார்ந்திருந்தேன், விரல் மரத்துப்போய்விட்டது. அப்புறம் ஓரத்தில் இருந்த மேடம் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, "திண்டுக்கல் பூட்டுக்கு என்ன அப்படி விசேஷம்? அலிகார் பூட்டு பாதி விலைக்குக் கிடைக்கிறதே?" என்று கேட்டார்.

அப்பா நாகல் நகரில் பட்டறையில் உட்கார்ந்து கையாலேயே லீவர் வெட்டி அரம் போட்டுப் பூட்டு செய்தவர். மாங்காய்ப் பூட்டுக்குள் சாவி திரும்பும்போது லீவர் எப்படித் தூக்கும் என்று நான் சொல்ல ஆரம்பித்ததும் கை எப்போது வெளியே வந்தது என்று எனக்கே தெரியாது. இடது கை பூட்டு, வலது கை சாவி. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் பட்டறைகள் ஏன் குறைந்தன, கடன் எப்படிக் கொடுத்தால் நிற்கும் என்று ஏழெட்டு நிமிஷம் பேசினேன். நடுவில் இருந்தவர் தன் டேபிள் டிராயரின் பூட்டை இழுத்துப் பார்த்து, "இது எந்த வகை?" என்றார். அது மட்டமான பூட்டு, அதையும் சொல்லிவிட்டேன்.

அதனால் நெசவுக்காரி, அருப்புக்கோட்டை என்றதும் தறியைப் பற்றிக் கேட்க வாய்ப்பிருக்கிறது, தயாராகப் போங்கள். உங்கள் புராஜெக்ட்டையும் அப்படி, போர்டைக் கையில் வைத்துக் காட்டுகிற மாதிரிச் சொல்லிப் பழகுங்கள்.

ம்யூனிக் மாப்பிள்ளை:

வியாழக்கிழமை வீடியோவுக்கு மட்டும் நாலு வார்த்தை. திரையில் இருக்கும் முகத்தைப் பார்த்தால் அவருக்கு நீங்கள் குனிந்திருப்பது போலத்தான் தெரியும். லேப்டாப்பைப் புத்தகம் அடுக்கி உயர்த்தி கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், அவர் முகம் வரும் ஜன்னலைச் சின்னதாக்கிக் கேமராவுக்குக் கீழேயே ஒட்டி வையுங்கள். உங்கள் முகம் தெரிவதை மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முடியைச் சரிசெய்துகொண்டே இருப்பீர்கள். வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும். அப்புறம் சக்கரம் இல்லாத நாற்காலி, அதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை, தலை. நம் ஊர்த் தலையாட்டல் எல்லா ஊருக்கும் புரியாது. என்னை இங்கே எடுத்த மேனேஜர் வீடியோவில் "ஏப்ரலில் சேர முடியுமா?" என்று கேட்டார், நான் சந்தோஷமாகத் தலையை இடமும் வலமுமாகச் சாய்த்து ஆட்டினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்படியென்றால் மே?" என்றார். மறுபடி அதே ஆட்டல். ஜூன் வரை போய்விட்டார். அப்புறம்தான் எனக்கு உறைத்து, வாயைத் திறந்து "யெஸ், ஏப்ரல்" என்றேன். இன்றைக்கும் ஆபீஸில் அதைச் சொல்லிச் சிரிப்பார். எதிரில் வெளியூர்க்காரர் இருந்தால் தலையை நம்பாதீர்கள், வாயால் சொல்லுங்கள்.

ரெக்கார்டு செய்து அனுப்பச் சொல்லும் சுற்றாக இருந்தால் ஏஐ முகத்தைப் பார்த்து மார்க் போடுமோ என்று பயம் வரும். வீடியோ இன்டர்வியூ தொழிலில் பெரிய கம்பெனியான ஹயர்வியூ, முகத்தை அலசுவதை விட்டுவிட்டோம் என்று 2021 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. இங்கே ஐரோப்பாவில் பணியிடத்தில் ஆளின் உணர்ச்சியைக் கணிக்கும் ஏஐக்கு 2025 பிப்ரவரி முதல் தடையே இருக்கிறது, மருத்துவம், பாதுகாப்புக் காரணங்கள் மட்டும் விலக்கு.

நெசவுக்காரி:

எல்லாருக்கும் நன்றி, வியாழன் முடிந்தது. லேப்டாப்புக்கு அடியில் தம்பியின் நீட் புத்தகம் நாலு. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவைத்தேன் அக்கா, அதைப் பார்த்தே பேசினேன். எடுத்தவர் ஒரே ஒரு மேடம்தான். ஆரம்பத்திலேயே கரண்ட் போய் ரவுட்டர் அணைந்துவிட்டது, மொபைல் டேட்டாவில் திரும்பி வந்து "படபடப்பாக இருக்கிறது மேடம், கரண்ட் வேறு போய்விட்டது" என்றேன். "இங்கேயும் நேற்று போயிற்று" என்றார். அதற்கப்புறம் கை என்ன செய்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு கேள்விக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட்டேன்.

நேற்று மெயில் வந்தது, அடுத்த திங்கள் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் பேனலாம். அம்மா புதுச் சுடிதார் எடுக்கலாம் என்கிறாள். எனக்கு இருக்கிற ஒரே கவலை, அங்கேயும் சக்கரம் வைத்த நாற்காலியாக இருக்குமா?

பெருங்குடி அக்கா:

இருக்கும். உட்காரும் முன் ஒரு கையால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள், நுனியில் உட்காராதே, முழுசாகப் பின்னால் போய் உட்கார். துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்திவிட்டுப் போ.